சீலைக்கு ஐஸ் வைத்த கதை

எங்கள் வகுப்பு பள்ளிக்கூடத்தை விட்டு இருபத்தைந்து வருடமாகிறது, அதைக் கொண்டாட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியவள் நோர்வேயில் இருப்பவள். அங்கே அப்போது கடும் குளிர், வெளியே போக முடியாது, அவளுக்கு நேரம் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று எழுதும் துணிச்சலும் இருக்கவில்லை. ஆளுக்கொரு கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், எல்லாரும் சம்மதம், விழா ஓகஸ்டில் என்று கிடந்தது.

விழாவுக்கு ஒரு தலைவி வேண்டும். தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. படிக்கிற காலத்தில் மாணவத் தலைவியாக இருந்து எங்கள் பாவாடை நீளத்தை அளந்தவளே, அடுத்த நாள் காலையில் "தலைவி என்ற முறையில் சொல்லுறன்" என்று தொடங்கி ஒரு குரல்பதிவு அனுப்பினாள். இப்போது அவள் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஓர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கிறாள். கணவர் அதைவிடப் பெரிய பதவியில். வீட்டில் கறிக்கு உப்புப் போடுவதற்கும் இருவரும் கையொப்பம் வைப்பார்கள் என்று எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு.

அவளுடைய முதல் கட்டளை, எல்லாரும் ஒரே மாதிரிச் சீலை உடுக்க வேண்டும் என்பது. என்ன நிறம் என்று கேட்டதோடு குழு பற்றிக்கொண்டது. பச்சை என்றாள் ஒருத்தி. அது ஒரு கட்சியின் நிறம் என்றார்கள். நீலம் இன்னொரு கட்சி. சிவப்பு, இப்போது ஆளுகிறவர்களுக்கு ஆலாத்தி எடுப்பது போலாகிவிடுமாம். மஞ்சளில் சிவப்புக் கரை வைத்தால் வடிவாக இருக்கும் என்று ஒருத்தி வெள்ளந்தியாக எழுதினாள். அது எந்தக் கொடியின் நிறம் என்று உறைத்ததும் எழுதியதை அடுத்த நிமிடமே அழித்துவிட்டாள், யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊதா, கருப்பாக இருப்பவர்களுக்கு எடுக்காது என்று ஒருத்தி சொல்ல, "ஆரைச் சொல்லுறாய்?" என்று கேட்டு நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர ஒரு கிழமை சென்றது.

அந்த நேரத்தில்தான் நோர்வேக்காரி ஒரு வீடியோ அனுப்பினாள். அவளுடைய வீட்டுக் கொல்லை, முழங்கால் அளவுக்குப் பனி. மூக்கு சிவந்து, கரடி போல உடுத்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு வெள்ளைத் துணியைச் சுருக்கிச் சுருக்கிக் கம்பித் தட்டில் வைத்து, அதன்மேல் பனியை அள்ளிக் குவித்து, பனியின்மேல் சாயத்தூளைத் தூவுகிறாள். பனி மெல்ல மெல்ல உருக, தூளும் கரைந்து துணிக்குள் இறங்குகிறது. கடைசியில் அலசி விரித்துக் காட்டினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், வடிவாகத்தான் இருந்தது. நீலத்துக்குள் இளஞ்சிவப்பு பரவி, யாரும் கை வைத்து வரைந்தது போல இல்லாமல், தானாக முளைத்தது போல இருந்தது.

"ஒவ்வொரு சீலையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு குடும்பம் மாதிரி இரிக்கும்" என்றாள்.

நிறச் சண்டை அதோடு முடிந்தது. எல்லா நிறமும் எல்லாருக்கும். மட்டக்களப்பில் பனி எங்கே பெய்கிறது என்று யாரோ ஒருத்தி கேட்டாள். ஐஸ் போதும் என்று பதில் வந்தது. ஐஸ் என்ற சொல் வந்ததும் எல்லாருக்கும் என் ஞாபகம் வந்துவிட்டது. நான் பெரியகல்லாற்றில் இருக்கிறேன். எங்கள் ஊரில் மீன் இருக்கிறது, மீன் இருக்கும் இடத்தில் ஐஸ் இருக்கும், என் வளவும் வாவிக்கரை வரை நீண்டு கிடக்கிறது. "உன்ட வளவு பெரிசுதானேகா" என்று தலைவி எழுதினாள். அது கேள்வி போலத் தெரிந்தாலும் கேள்வியில்லை.

வெள்ளைச் சீலைகளை வாங்கும் பொறுப்பைத் தலைவியே எடுத்துக்கொண்டாள். அவளுடைய தங்கச்சியின் மாப்பிள்ளைக்குப் புடவைக்கடை இருக்கிறது. "நூற்றுக்கு நூறு கொட்டன். பட்டு மாதிரி வழுக்கும்" என்று படம் போட்டாள். கொட்டன் என்றால் பருத்தி, அது ஏன் பட்டு மாதிரி வழுக்க வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். தலைவியிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத வகுப்பு எங்களுடையது.

ஒருத்திக்கு மட்டும் சீலை வரவில்லை. அவள் கரடியனாற்றில் இருக்கிறாள். கணவனும் அவளுமாக வயல் செய்கிறார்கள். விதைப்பும் வெட்டுமாக வயல்வட்டையில் நிற்கும் நாட்களில் அவளுடைய போனுக்குச் சிக்னல் வராது. பெயர் கொடுக்கச் சொன்ன நாளில் அவள் பெயர் கொடுக்கவில்லை. பிறகு கேட்டபோது, "கணக்கு முடிஞ்சிட்டு. நீயா ஒரு வெள்ளைச் சீலை பாத்து எடு, பரவால்ல" என்றாள் தலைவி. கரடியனாற்றுக்காரி காத்தான்குடிக்குப் போய் ஒரு கைத்தறிச் சீலை எடுத்து வந்தாள். முதல்முறை எல்லாரும் என் வீட்டில் கூடியபோது அதைக் கொண்டுவந்து காட்டினாள். தடித்த நூல், மொறமொறப்பு, கஞ்சி வாசம். எங்கள் ஆட்கள் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குளிருக்கு நல்லம்" என்றாள் ஒருத்தி.

"எங்கட ஊரில குளிர் எப்ப வாறது?" என்று கேட்டு அவள் பெரிதாகச் சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்து வளவு நாய் குரைக்கும்.

ஓகஸ்டில் நோர்வேக்காரி வந்து இறங்கினாள். சாயத்தூள் பைகளோடு ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூலும் வந்தது. அதுவும் பனியில் தோய்த்த நூல்தானாம். எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நூலில் ஒரு கழுத்துத் துணி பின்னிக்கொண்டு வந்திருந்தாள். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதத்தில், வியர்வை முதுகில் ஓடிக்கொண்டிருக்க, அவள் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படம் எடுத்தோம். அந்தப் படத்தில் எல்லாரும் காய்ச்சல்காரர் போல இருக்கிறோம்.

சாயம் போட ஒரு சனிக்கிழமையைத் தெரிவு செய்தோம். காலையிலேயே லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஐஸ் வந்து இறங்கியது. வள்ளக்காரர் மீனுக்குப் போடுகிற பெரிய பாளங்கள், உருகாமல் இருக்க உமி போட்டு மூடி, சாக்கால் சுற்றியிருந்தார்கள். நோர்வேக்காரி கிட்டப்போய் மணந்து பார்த்தாள்.

"என்னடி இது, மீன் மணக்குது?"

"மீனுக்குப் போடுற ஐஸ் பின்ன என்ன மணக்கும்?"

"அங்க எல்லாம் ஸ்னோ அப்பிடியே சுத்தமா இரிக்கும். வாயில போடலாம்."

"அப்ப ரெண்டு மூட்டை கொண்டு வந்திருக்கலாமே" என்று என் கணவர் முற்றத்தின் ஓரத்தில் நின்று சொன்னார். அவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறவர். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள், அவருடைய வளவில் இருபது பெண்கள் வந்து நிற்கிறார்கள், அவருடைய குணம் அன்றைக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

ஐஸை உலக்கையால் இடித்தோம். இருபத்தைந்து வருடத்தில் எங்களில் பாதிப்பேர் உலக்கையைத் தொட்டிருக்க மாட்டோம். திணைக்களங்களிலும் வங்கிகளிலும் உட்கார்ந்து பழகிய கைகள், நாலு இடியில் "ஐயோ தோள்" என்றன. கம்பித் தட்டுகள் இத்தனை பேருக்குக் காணாது. ஆகவே பக்கத்து வீட்டில் பழைய வலை வாங்கி, கதிரைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினோம். சோடாத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்த சீலைகளைப் பிழிந்து, சுருக்கி, வலையின்மேல் வைத்தோம். அதன்மேல் ஐஸ். இனித் தூள் தூவ வேண்டியதுதான்.

தூவுகிற வேலையை நோர்வேக்காரி ஒருவருக்கும் கொடுக்கவில்லை. என் தேத்தண்ணி வடியை எடுத்து, அதில் தூளைப் போட்டு, கோயில் ஐயர் விபூதி கொடுப்பது போல ஒவ்வொரு குவியலாகத் தட்டிக்கொண்டு போனாள். பின்னால் நாங்கள் வரிசை. எல்லா நிறமும் எல்லாருக்கும் என்று ஒப்புக்கொண்டவர்கள் அந்த வரிசையில் ஒருத்தியும் இருக்கவில்லை.

"எனக்குப் பச்சை வேணாம். நான் பச்சையில கிழவி மாதிரி இருப்பன்."

"அவவுக்கு அவ்வளவு நீலம் போட்டாய், எனக்கு மட்டும் ஏன் எள்ளுப்போல?"

"என்ட சீலையில ஆர் ஐஸைக் குறைச்சது?"

தலைவியின் சீலை மாமர நிழலில், நல்ல வெள்ளை ஐஸின் அடியில் இருந்தது. மயில்நீலம் மட்டும் வேண்டும் என்றாள். ஒரு பை முழுக்க அதற்கே போனது. வரிசையின் கடைசியில் கரடியனாற்றுக்காரி நின்றாள். அவளுடைய முறை வந்தபோது தூள் பைகள் சுருங்கிக் கிடந்தன, ஐஸ் உமியும் கூழுமாகத் தரையில் மிஞ்சியிருந்தது, நிழலும் முடிந்துவிட்டது. நோர்வேக்காரி களைத்துப்போய் செவ்விளநீர் குடிக்கப் போய்விட்டாள். இவள் கிணற்றடி வெயிலில் சீலையை வைத்து, கூழ் ஐஸைக் கையால் வழித்துப் போட்டு, மிச்சம் கிடந்த பைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி உதறினாள். பச்சை, செம்மஞ்சள், நீலம், ஊதா, எது எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

அவள் கடைசிப் பையை உதறிய நேரம் பார்த்துக் கச்சான் ஒரு சுழி சுழித்து அடித்தது. என் கணவர் அப்போதுதான் கிணற்றில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு துவாய் தேடிக்கொண்டு நின்றார். அவருக்குத் தலையில் முடி அதிகமில்லை. ஈரமான வழுக்கை, அதன்மேல் ஊதாத்தூள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. துவாயால் துடைக்கத் துடைக்கத்தான் தெரிந்தது. பிறகு கரடியனாற்றுக்காரியின் சிரிப்புக் கேட்டது, நாய் குரைத்தது, மற்றவர்கள் வாயைச் சீலைத்தலைப்பால் பொத்திக்கொண்டார்கள்.

"இது எப்ப போகும்?" என்று அவர் நோர்வேக்காரியைக் கேட்டார்.

"கொட்டனில எண்டா போகாது அண்ணன். தோலில எண்டா ஒரு கிழமையில போயிரும்."

திங்கட்கிழமை அவர் ஊதாத்தலையோடு கச்சேரிக்குப் போனார். நோய் வருத்தமா, கோயில் நேர்த்தியா என்று கேட்டிருக்கிறார்கள். நேர்த்தி என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமைக் கதைக்குத் திரும்புகிறேன். அடுத்த நாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள் நோர்வேக்காரி. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அவள் என்னோடுதான் தங்கியிருந்தாள். கரடியனாற்றுக்கு அந்த நேரத்துக்குப் பஸ் இல்லாததால் மற்றவளும் தங்கினாள். நோர்வேயில் ஒரு நாள் முழுக்க உருகுகிற பனி, இங்கே நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிட்டு எழும்புவதற்குள் தண்ணீராகிவிட்டது. வலைகளுக்குக் கீழே மண் பல நிறத்தில் கிடந்தது. கோழிகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போயின.

ஞாயிறு காலை அலசத் தொடங்கினோம். தலைவியும் காரில் வந்துவிட்டாள், தன் சீலையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. அதைத்தான் முதலில் எடுத்தோம். வாளித் தண்ணீர் மயில்நீலமாக மாறியது. ஊற்றிவிட்டு இன்னொரு வாளி, அதுவும் நீலம். மூன்றாவது வாளியும் நீலம். ஊற்ற ஊற்றத் தண்ணீர்தான் வடிவாக வந்தது. கடைசியில் சீலையை விரித்துப் பிடித்தோம். நீலம் போட்டு அலசிய பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு மூலையில் நீலம் கட்டிப்பட்டிருக்குமே, முழுச் சீலையும் அந்த மாதிரி இருந்தது.

"இன்னும் காயல்லதானே. காஞ்சா நிறம் வரும்" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

மற்றச் சீலைகளும் அப்படித்தான். பச்சை போட்டது பாசி பிடித்த மாதிரி. சிவப்புப் போட்டது வெற்றிலை துப்பிக் கழுவின மாதிரி. என்னுடையது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகள் வாந்தியெடுத்த படுக்கைவிரிப்புப் போல இருந்தது. நோர்வேக்காரிக்கு முகம் வாடிவிட்டது. பிறகு காரணங்களைத் தேடத் தொடங்கினாள். வெயில் கூடிப்போச்சு என்றாள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்றாள். ஐஸில் மீன் நெய் இருந்திருக்கும் என்றாள். உமி, வலை, வாவிக்காற்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுக் குறை சொல்லிவிட்டு, "நோர்வேயில எனக்கு ஒரு நாளும் இப்பிடி வரல்ல" என்று முடித்தாள். மொத்தத்தில் மட்டக்களப்பு மாவட்டமே பிழை.

கடைசியாகக் கிணற்றடியில் கிடந்த கைத்தறிச் சீலையை எடுத்தோம். முதல் வாளியில் கொஞ்சம் நிறம் போனது. இரண்டாவது வாளி தெளிந்துவிட்டது. அவளும் நானும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து விரித்தோம்.

அதை எப்படிச் சொல்வது? பச்சை முடிகிற இடத்தில் ஊதா மெல்ல ஏறி, அதற்குள் செம்மஞ்சள் தணல் போல நின்றது. எங்கேயும் ஒரு கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஐஸோடு உமி ஒட்டியிருந்த இடங்களில் சாயம் பிடிக்காமல் ஊசி ஊசியாக வெள்ளைக் கீறல்கள், சீலை முழுக்க மழைத்தூறல் போல. ஈரத்தோடு வெயிலில் பிடித்தபோது தலைவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது ஆர்ட?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்டாள்.

"என்ட."

"மாறியிருக்காது?"

"எப்பிடி மாறும்? சாக்கு மாதிரி இரிக்கிறது இது ஒண்டுதானே."

தலைவி சீலையைத் தொட்டுப் பார்த்தாள். இந்த முறை இரண்டு விரலால் இல்லை, முழு உள்ளங்கையால். பிறகு மிகவும் அன்பாக, பாவாடை அளக்கிற காலத்தில் நாங்கள் கேட்டறியாத குரலில் சொன்னாள்: "இஞ்ச பாரு புள்ள, நான் மேடையில நிக்கவேணும். பூ வாங்கவேணும், பேசவேணும், படம் எல்லாம் பேப்பருக்குப் போகும். நீ பின்னுக்குத்தானே நிப்பாய். நாம மாத்திக்குவமா?"

"ஓம், பின்னுக்குத்தான் நிப்பன்" என்றாள் கரடியனாற்றுக்காரி. "பின்னுக்கு நிண்டாலும் இதைத்தான் உடுப்பன்."

"விழா முடிஞ்சதும் திருப்பித் தாறன்."

"தரமாட்டன்கா."

கோபமில்லை, பணிவும் இல்லை. நெல்லுக்கு விலை கேட்கிற வியாபாரியிடம் இல்லையென்று சொல்வது போலச் சொன்னாள். தலைவி என்னைப் பார்த்தாள். நான் கொடியில் கிளிப் குத்திக்கொண்டிருந்தேன், குத்த வேண்டியதற்கு மேலும் குத்தினேன். எனக்கும் அந்தச் சீலைமேல் ஒரு கண் இருந்தது. தலைவி கேட்காமல் இருந்திருந்தால் நானே கேட்டிருப்பேன். என் குரல் இன்னும் கொஞ்சம் அன்பாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைவி தேத்தண்ணி குடிக்காமலே காரில் ஏறிப் போனாள்.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கொட்டன் உருகுமா?" என்றாள்.

"என்ன?"

"சீலையை அயன் பண்ணினன். கொட்டனுக்கு வைக்கிற சூட்டிலதான் வெச்சன். அப்பிடியே சுருண்டு அயனில ஒட்டிப்பிடிச்சிட்டு. பிளாஸ்டிக் எரியிற மணம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நூற்றுக்கு நூறு கொட்டனில் நூற்றுக்குத் தொண்ணூறு பொலியெஸ்டர். அந்தச் சாயம் பொலியெஸ்டரில் பிடிக்காது என்று நோர்வேக்காரி கொண்டுவந்த பையின் முதுகிலேயே அச்சடித்திருந்தது. அவளுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும், வாசிக்கத்தான் நேரம் இருந்திருக்காது. வெயிலும் உப்பும் மீனும் உமியும் சும்மா பழி சுமந்திருக்கின்றன. இதைத் தலைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே சொன்னாள், "ஐஸ் வெச்சு வெச்சு நூல் பழுதாப் போயிட்டுப் போல."

"இரிக்கும்" என்றேன்.

"அவளுக்கு ஒருக்காச் சொல்லிப் பாரன். நீ சொன்னாக் கேப்பாள். நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே. என்னட்ட இரிக்கிற காஞ்சிபுரம் ஒண்டை அவளுக்குக் குடுக்கிறன், அவளே வெச்சுக்கொள்ளட்டும்."

கரடியனாற்றுக்காரிக்கு எடுத்தேன். நல்ல காலம், வீட்டில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். காஞ்சிபுரத்தையும் சொன்னேன்.

"காஞ்சிபுரம் நல்ல சீலைதானே?" என்று கேட்டாள்.

"நல்ல சீலை."

"அப்ப அவ அதை உடுக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

விழா வாவிக்கரையில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. ஐஸ் சாயச் சீலையோடு நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தபோது, கதவடியில் பன்னீர் தெளித்த பிள்ளைகள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தலைவி காஞ்சிபுரம் பட்டில் வந்தாள். தலைவி என்றால் தனியாகத் தெரிய வேண்டும் என்று குழுவே தீர்மானித்ததாக எல்லாருக்கும் சொன்னாள். அப்படி ஒரு தீர்மானம் எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் தலைவியின் தீர்மானங்களை எங்களுக்கு எப்போதும் பிறகுதான் தெரியவரும்.

பிரதம விருந்தினர் எங்களுக்கு மனையியல் படிப்பித்த ரீச்சர். ஓய்வு பெற்று நெடுநாள். கண் கொஞ்சம் மங்கல், வாய் மங்கவில்லை. எங்கள் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏன் புள்ளையள், எல்லாரும் பழைய சீலையோட வந்திருக்கிறீங்க? வசதி இல்லையெண்டா விழாவைச் சின்னதா வெச்சிருக்கலாமே?"

நோர்வேக்காரி முன்னுக்கு வந்து, பனி, ஐஸ், இயற்கையான வடிவம், இப்போது ஐரோப்பாவில் இதுதான் பிரபலம் என்று விளக்கினாள். ரீச்சர் பொறுமையாகக் கேட்டார். "அங்க பிரபலமா?" என்றார். "பாவங்கள்." அப்போதுதான் பின்வரிசையில் நின்றவளைக் கண்டார். "அந்தப் புள்ள உடுத்திருக்கிறது என்ன சீலை? இஞ்ச வா மகள். வெளிச்சத்துக்கு வா."

கரடியனாற்றுக்காரி வந்தாள். வெட்கப்பட்டு வந்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் வெட்கப்படவில்லை. மெதுவாக வந்தாள், வருகிற வழியில் தலைப்பை இரண்டுமுறை இழுத்து விரித்துவிட்டாள். ரீச்சர் சீலையின் ஓரத்தைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "கைத்தறி. ஆர் சாயம் போட்டது?"

"நான்தான் ரீச்சர்" என்றாள் அவள்.

"எங்கட குழுதான் செய்தது ரீச்சர். என்ட மேற்பார்வையில" என்றாள் தலைவி, அதே மூச்சில்.

"அப்ப ஏன் மத்ததெல்லாம் இப்பிடி இரிக்கு?" என்று ரீச்சர் கேட்டார். குழுப்படம் எடுக்கும்போது ரீச்சர் அவளைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தலைவி மறுபக்கம். படம் பேப்பரிலும் வந்தது. எங்களையெல்லாம் பார்த்தால் சலவைக்குப் போடுவதற்குக் குவித்து வைத்த உடுப்புகள் போலவும், நடுவில் ஒருத்தி மட்டும் உடுத்திருப்பது போலவும் தெரிகிறது.

அன்றைக்குப் பிறகு கரடியனாற்றுக்காரியைத் தாங்க முடியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தனியாக எடுத்த படங்களைக் குழுவில் ஒவ்வொன்றாகப் போட்டாள். வாட்ஸ்அப்பில் தன் முகப்படத்தை மாற்றினாள். கல்யாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியம், செத்தவீட்டு அந்தியேட்டி, எதற்குப் போனாலும் அதே சீலை. நோர்வேக்காரி திரும்பிப் போய், அடுத்த மாரியில் முழங்கால் பனியில் நின்று இன்னொரு வீடியோ அனுப்பினாள்; தண்ணீர் நல்லதாக இருந்தால் இப்படித்தான் வரும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தாள். தலைவி குழுவில் இன்னும் இருக்கிறாள். எழுதுவது குறைந்துவிட்டது. சீலைகளைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு சொல் எழுதியதில்லை. அவளுடைய தங்கச்சியின் மாப்பிள்ளை கடையில் அந்தச் சீலைகள் இன்னும் விற்பனைக்குக் கிடக்கின்றன, கொட்டன் என்றுதான்.

போன மாதம் ஒரு நாள் கரடியனாற்றுக்காரி சொல்லாமல் வந்து நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு பொதி. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். தலையணை உறை, படுக்கைவிரிப்பு எல்லாம் வெள்ளையில் எடுத்து வந்திருந்தாள்.

"நோர்வேயில இருந்து பிறகு உனக்கு அனுப்பின தூள் இரிக்கிதுதானே? ஐஸ் எடுப்பம்" என்றாள்.

என் கணவர் அதைக் கேட்டதும் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பெரியகல்லாற்றுச் சந்திக்குப் போய்விட்டார். நாங்கள் ஒரே ஒரு பாளம் வாங்கி, கிணற்றடியில் வைத்து இடித்தோம். நான் இடித்தேன், அவள் கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் பொடியாக்கு என்றாள். உமியைக் கழுவாதே என்றாள். என் வளவு, என் உலக்கை, என் தேத்தண்ணி வடி.

இடையில் கேட்டேன், "அண்டைக்கு ஏன் குடுக்கல்ல நீ? காஞ்சிபுரமும் தாறன் எண்டாளே."

அவள் வடியைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "குடுத்திருந்தா அவ உடுத்திருப்பா. நீங்க எல்லாரும் அவவச் சுத்தி நிண்டு வடிவு வடிவு எண்டிருப்பீங்க. நான் உடுத்த அண்டைக்கு நீங்க ஒருத்தரும் அப்பிடிச் சொல்லல்ல. எந்தக் கடையில எடுத்த எண்டுதான் கேட்டீங்க."

நான் கேட்டதும் அதைத்தான்.

"வடிவாத்தான் இருந்த" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீலத்தை இஞ்சால தா."